இன்ஜுரி கேஸ்: வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீட்டுத் தகராறு எங்கே தொடங்குகிறது?

"அண்ணே, தப்பு என் பேர்லதான். நான்தான் கையை எடுக்காம சிக்னல் குடுத்தேன். கேஸ் போட்டா நிக்குமாண்ணே?"

சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னிடம் ஒரு தம்பி இப்படிக் கேட்டான். ஊர் புதுக்கோட்டைப் பக்கம், வயது 27. வலது கையில் இரண்டு விரல் சரியாக மடங்கவில்லை. கான்கிரீட் தூணுக்குப் பலகை இறக்கும்போது நடுவில் கை மாட்டி நசுங்கிவிட்டது. அடிபட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது, அந்த ஏழு மாதமும் அவன் எங்கேயும் புகார் கொடுக்கவில்லை. பயம் ஒரு காரணம்தான். ஆனால் பயத்தைவிடப் பெரிய காரணம், தன் கவனக்குறைவால் நடந்ததற்குக் கம்பெனியிடம் பணம் கேட்பது முறையில்லை என்று அவன் உண்மையாகவே நம்பியிருந்தான்.

நான் வக்கீல் இல்லை. இங்கே கட்டுமான வேலையில் பல வருஷம் சூப்பர்வைசராக இருந்தவன், இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பிகளுக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அதில் நான் பார்த்தவரை, சிங்கப்பூரில் வேலைக் காய இழப்பீட்டில் வருகிற தகராறுகளில் பெரும்பாலானவை சட்டத்தில் ஓட்டை இருப்பதால் வருவதில்லை. "யார் தப்பு?" என்ற கேள்வியை எல்லோரும் மனதில் வைத்துக்கொண்டு, அதற்கேற்ப முதல் நாளே ஏதாவது ஒரு பொய்யையோ மௌனத்தையோ உள்ளே நுழைத்துவிடுவதால் வருகின்றன. அதனால் சட்டம் உண்மையில் என்ன கேட்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

சட்டத்தின் பெயர் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம். ஆபீஸ்களில் சுருக்கமாக விகா என்பார்கள், நம் ஆட்கள் இன்ஜுரி கேஸ் என்பார்கள். 2008 ஏப்ரலுக்கு முன்னால் இது பெரும்பாலும் உடலுழைப்பு வேலை செய்பவர்களுக்கான சட்டமாக இருந்தது, அதன்பிறகு எல்லா ஊழியர்களுக்கும் விரிந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2019ல் நிறைவேறி 2020 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த சட்டம். வேலை ஒப்பந்தத்தின் கீழ் சம்பளம் வாங்குகிற யாரும் இதில் அடங்குவார்கள். ஒர்க் பர்மிட், எஸ் பாஸ் என்ற வெளிநாட்டவர் வேலை அனுமதியா, குடிமகனா, சம்பளம் எவ்வளவு, வயது என்ன, எதுவும் பொருட்டில்லை. சொந்தத் தொழில் செய்பவர்கள், வீட்டுப் பணிப்பெண்கள், ராணுவம் போலீஸ் போன்ற சீருடைப் படையினர் இதில் சேர மாட்டார்கள். பணிப்பெண்களை வெளியே விட்டிருப்பது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது, அவர்களுக்கு முதலாளி எடுக்கும் தனி விபத்துக் காப்பீடு மட்டும்தான் இருக்கிறது. உணவு கொண்டுபோகிறவர்கள், தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் வெகுகாலம் வெளியே நின்றார்கள். 2025 ஜனவரி 1ல், செயலி வழியாக வேலை எடுக்கிற இவர்களுக்கான தளப் பணியாளர் சட்டம் வந்த பிறகு அவர்களுக்கும் ஊழியர்களுக்கு இணையான காய இழப்பீடு உண்டு.

சரி, இப்போது முக்கியமான விஷயம். இந்தச் சட்டத்தில் அடிபட்டவர் நிரூபிக்க வேண்டியது ஒன்றுதான்: விபத்து வேலையினால், வேலை செய்துகொண்டிருக்கும்போது நடந்தது. கம்பெனி தவறு செய்ததா, மேஷின் பழுதா, சேஃப்டி ஆபிசர் அங்கே இருந்தாரா, கையை எடுக்காமல் சிக்னல் கொடுத்தது யார், இதெல்லாம் இங்கே கேள்வியே இல்லை. இன்னும் ஒரு படி மேலே போய், வேலை நேரத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது நடந்த விபத்து என்றால், அதற்கு எதிரான ஆதாரம் இல்லாதவரை அது வேலையினால் நடந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. முதலாளியின் உத்தரவை மீறி ஒரு காரியம் செய்து அடிபட்டிருந்தால்கூட, அந்தக் காரியம் கம்பெனியின் வேலைக்காகச் செய்யப்பட்டது என்றால் இழப்பீடு போய்விடாது. அந்தத் தம்பிக்கு நான் இதைச் சொன்னபோது அவன் நம்பவில்லை. "அப்ப நான் தப்பு பண்ணியிருந்தாலும் பணம் குடுப்பாங்களா?" என்று மூன்று தடவை கேட்டான்.

கொடுக்க மாட்டார்கள் என்ற இடங்களும் உண்டு. குடித்திருந்ததால் நடந்த விபத்து, மருத்துவர் எழுதித் தராத போதைப் பொருளின் மயக்கத்தில் நடந்தது, வேண்டுமென்றே தன்னைக் காயப்படுத்திக்கொண்டது, அடிதடியில் பட்டது. அடிதடியிலும் தற்காப்புக்காகவோ மேலதிகாரி சொல்லி விலக்கிவிடப் போயோ பட்டிருந்தால் கேஸ் நிற்கும். வேலைக்குப் போகும் வழியைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கம்பெனி லாரியிலோ கம்பெனி ஏற்பாடு செய்த வேனிலோ பயணியாகப் போகும்போது விபத்து நடந்தால் அதுவும் வேலையில் நடந்ததுதான். நீங்களாகப் பொதுப் பேருந்திலோ எம்.ஆர்.டி. ரயிலிலோ வேலைக்குப் போகும்போது நடந்தால் அப்படி இல்லை.

தப்பு கேள்வியே இல்லை என்றால் தகராறு எதற்கு வருகிறது? அந்தத் தம்பியின் கதைக்குத் திரும்புகிறேன், அதில் எல்லாமே இருக்கிறது.

அடிபட்ட அன்று சூப்பர்வைசர் அவனைக் கம்பெனி வழக்கமாகப் போகும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். போகும் வழியில், "டோர்மில வழுக்கி விழுந்தேன்னு சொல்லு, சைட்ல நடந்ததுன்னா வேலையை நிறுத்திடுவாங்க, உன் பேரும் கெட்டுடும்" என்றாராம். தன் மேல்தானே தப்பு என்று நினைத்தவன், மறுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் அப்படியே சொல்லிவிட்டான். மருத்துவரும் அப்படியே எழுதிவிட்டார், விடுதியில் வழுக்கி விழுந்தது, இரண்டு நாள் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு. நான்காவது நாள் விரல் வீங்கிக் கறுத்துப்போக, கூட வேலை செய்யும் ஒருவர் அவனை அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு டாக்ஸியில் அழைத்துப்போனார். அங்கே, வலி தாங்காமல், நடந்ததை நடந்தபடி சொன்னான். பலகை, தூண், நேரம், எல்லாம். அங்கேயும் எழுதிக்கொண்டார்கள்.

ஆக ஒரே கைக்கு இரண்டு கதை, இரண்டு மருத்துவமனைக் காகிதத்தில். கேஸ் போட்டதும் காப்பீட்டு நிறுவனம் பிடித்துக்கொண்டது முதல் காகிதத்தைத்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது, விபத்து நடந்த அன்றே, சம்பந்தப்பட்டவனே சொன்னதாக மருத்துவர் எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் முதலாளிகளின் கடமையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கு இன்னும் பழைய விதிதான் நினைவில் இருக்கிறது. முன்பெல்லாம் மூன்று நாளுக்கு மேல் எம்.சி. இருந்தால்தான் மனிதவள அமைச்சுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அதனால்தான் "ரெண்டு நாள் எம்.சி. போதும் டாக்டர்" என்ற பேச்சே வந்தது. 2020 செப்டம்பரிலிருந்து அது கிடையாது. வேலையில் பட்ட காயத்துக்கு ஒரு நாள் எம்.சி. என்றாலும், வெறும் லைட் டியூட்டி, அதாவது இலகுவான வேலை மட்டும் என்றாலும், தகவல் தெரிந்த 10 நாளுக்குள் முதலாளி அறிக்கை கொடுத்தாக வேண்டும். முதலாளி கொடுக்காவிட்டால் ஊழியர் தானே நேரடியாக அமைச்சிடம் கேஸ் பதியலாம், விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள். அந்தத் தம்பிக்கு ஏழு மாதம் போய்விட்டது, ஐந்து மாதம் மிச்சம். கொஞ்சம் தாமதித்திருந்தால் நிலைமை வேறு.

இன்னொன்று. "எனக்கு எந்த இழப்பீடும் வேண்டாம்" என்று கம்பெனி தந்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சிலர் வருவார்கள். சட்டப்படி கிடைக்க வேண்டிய உரிமையை விட்டுக்கொடுக்கிற அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது. தைரியமாகக் கேஸ் பதியலாம்.

உடலுழைப்பு வேலை செய்யும் எல்லோருக்கும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், முதலாளி வேலைக் காயக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். மற்ற வேலைகளில் மாதம் 2,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அல்லது அதற்குக் கீழே வாங்குகிறவர்களுக்குக் கட்டாயம். எடுக்காவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒர்க் பர்மிட்காரர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி மருத்துவக் காப்பீடு என்று இன்னொன்று இருக்கிறதே, அது வேறு. அது பொதுவான ஆஸ்பத்திரிச் செலவுக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு "ஆஸ்பத்திரி பில் கட்டியாச்சு, அதோட முடிஞ்சுது" என்று நினைத்து விட்டுவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விகாவில் என்ன கிடைக்கும்? மூன்று: எம்.சி. நாட்களுக்கான சம்பளம், மருத்துவச் செலவு, நிரந்தரமாகக் குறை ஏற்பட்டிருந்தால் அல்லது இறந்துவிட்டால் ஒரு மொத்தத் தொகை. இவை ஒவ்வொன்றிலும் தகராறு வருவதற்கு ஓர் இடம் இருக்கிறது.

எம்.சி. சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் படுக்காமல் எடுக்கும் எம்.சி.க்கு முதல் 14 நாள் முழுச் சம்பளம், ஆஸ்பத்திரி விடுப்பு என்றால் 60 நாள் வரை முழுச் சம்பளம், அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்து ஒரு வருஷம் வரை. லைட் டியூட்டியில் சம்பளம் குறைந்தால் அந்தக் குறைவுக்கும் கணக்கு உண்டு. இது வழக்கமான சம்பள நாளிலேயே வர வேண்டும், கேஸ் முடியட்டும் என்று நிறுத்திவைக்கக் கூடாது. சண்டை எங்கே வரும் என்றால், "சம்பளம்" என்றால் எது என்பதில். சட்டம் பார்ப்பது விபத்துக்கு முந்தைய 12 மாதத்தின் சராசரி மாத வருமானம். அதில் அடிப்படைச் சம்பளம் மட்டும் இல்லை, ஓவர்டைம், சாப்பாட்டுப் படி போன்ற படிகள், போனஸ் எல்லாம் சேரும். பயணப் படி, முதலாளியின் மத்திய சேமநிதிப் பங்கு போன்றவை சேராது. நம் தம்பிகளுக்கு ஓவர்டைம்தானே பாதிச் சம்பளம்! அடிப்படை 468 வெள்ளி என்று ஒப்பந்தத்தில் இருக்கும், கைக்கு வருவது 900 ஆக இருக்கும். 900ஐ வைத்துப் பார்த்தால் 14 நாள் தாண்டிய எம்.சி. மாதத்துக்கு 600 வெள்ளி. 468ஐ வைத்தால் 312. மருந்து, சாப்பாடு, ஊருக்கு அனுப்பவேண்டிய வட்டிப் பணம் எல்லாவற்றுக்கும் அந்த 312 போதாது. அதனால்தான் சம்பளச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 2016 ஏப்ரலிலிருந்து விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது முதலாளியின் சட்டக் கடமை. காகிதமாக வந்தாலும் போனில் வந்தாலும் ஒரு போட்டோ எடுத்து ஊரில் இருக்கும் தங்கைக்கோ தம்பிக்கோ அனுப்பி வைத்துவிடுங்கள்.

அடுத்தது மொத்தத் தொகை. இதற்குத்தான் நம் ஆட்கள் "பாயிண்ட்" என்பார்கள். "உனக்கு எத்தனை பாயிண்ட் வந்துச்சு?" என்று கேட்டால், நிரந்தர இயலாமை எத்தனை சதவீதம் என்று மருத்துவர் எழுதினார் என்று அர்த்தம். கணக்கு இப்படி: சராசரி மாத வருமானத்தை வயதுக்கான ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதும் அதற்குக் கீழும் என்றால் அந்த எண் 181, வயது ஏற ஏற இறங்கிக்கொண்டே போகும், 66ம் அதற்கு மேலும் என்றால் 72. வரும் தொகைக்கு ஒரு தரையும் (குறைந்தபட்சம்) ஒரு கூரையும் (அதிகபட்சம்) இருக்கிறது. 2025 நவம்பர் 1 அல்லது அதற்குப் பிறகு நடந்த விபத்து என்றால் தரை 116,000, கூரை 346,000 வெள்ளி. 2020 ஜனவரியிலிருந்து அதுவரை நடந்த விபத்துகளுக்கு 97,000, 289,000. அந்தத் தொகையில் எத்தனை பாயிண்டோ அத்தனை சதவீதம்.

900 வெள்ளி வருமானம், 27 வயது, 6 பாயிண்ட் என்று வைத்துக்கொள்வோம். 900 பெருக்கல் 181, 162,900. தரைக்கு மேலே, கூரைக்குக் கீழே. அதில் 6 சதவீதம், 9,774 வெள்ளி. 468ஐ வைத்தால் 84,708 வரும், தரையைவிடக் குறைவு, ஆகவே 116,000ல் 6 சதவீதம், 6,960 வெள்ளி. ஓவர்டைமை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் ஒரு தம்பிக்கு 2,814 வெள்ளி போய்விடும். மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல்.

இறப்பு என்றால் தரை 91,000, கூரை 269,000 வெள்ளி, இதுவும் 2025 நவம்பர் 1 முதலான விபத்துகளுக்கு. அந்தப் பணம் அவரை நம்பியிருந்த குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். அதே தேதி முதலான விபத்துகளில் மருத்துவச் செலவுக்கு 53,000 வெள்ளி அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அதுவரை.

பாயிண்ட் விஷயத்தில் ஒரு மனத்தாங்கல் அடிக்கடி வரும். "இன்னும் வலிக்குதே, ஏன் மூணு பாயிண்ட்தான் போட்டாங்க?" விகா வலிக்குப் பணம் கொடுப்பதில்லை. உறுப்பு எவ்வளவு வேலை செய்யாமல் போனது என்பதை மட்டும் அளக்கிறது, மருத்துவர்களுக்கு அதற்கென ஒரு வழிகாட்டிக் கையேடு இருக்கிறது. விரல் எத்தனை டிகிரி மடங்குகிறது, எந்த எலும்பு போனது, அப்படி. கம்பி கட்டி வாழ்ந்தவனுக்கு இரண்டு விரல் மடங்காவிட்டால் மொத்த வாழ்க்கையே மாறிவிடும் என்பதும் உண்மை, அந்தக் கையேட்டில் அது சின்ன எண்ணாகத்தான் வரும் என்பதும் உண்மை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் கேஸ் போடும்போது எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

காயம் ஆறி நிலையாகக் காத்திருப்பதில் வருஷக்கணக்கில் கேஸ் இழுத்த காலம் இருந்தது. இப்போதைய சட்டத்தில், விபத்து நடந்து ஆறு மாதம் கழித்தும் காயம் முழுதாக நிலைக்கவில்லை என்றால், அப்போது இருக்கும் நிலையை வைத்தே இயலாமையை அளந்து முடிக்கலாம். இது நல்ல மாற்றம்.

கணக்கு முடிந்ததும் காப்பீட்டு நிறுவனம் ஒரு கணக்கீட்டு அறிவிப்பு அனுப்பும். நோட்டீஸ் ஆஃப் கம்ப்யூட்டேஷன், பேச்சில் என்.ஓ.சி. இது ஊழியருக்கும் வரும், முதலாளிக்கும் வரும். இதற்கு ஆட்சேபணை சொல்ல யாராக இருந்தாலும் 14 நாள்தான். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அந்தத் தொகை அப்படியே முடிவாகி, 21 நாளுக்குள் பணம் கொடுக்கப்பட வேண்டும். இந்த 14 நாளைத் தவறவிட்டவர்களை நினைத்தால்தான் மனது கனக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வரும், என்னவென்று புரியாமல் தலையணைக்கு அடியில் வைத்திருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை யாரிடமாவது காட்டலாம் என்று. முதல் ஞாயிறு ஓவர்டைம் பார்க்கப் போய்விடுவார்கள். அடுத்த ஞாயிறு மழை.

ஆட்சேபணை பாயிண்ட்டைப் பற்றி மட்டும் என்றால் அது மெடிக்கல் போர்டுக்குப் போகும், மருத்துவர் குழு திரும்பவும் பரிசோதிக்கும். குழு முன்பைவிட அதிகமாகவும் போடலாம், குறைத்தும் போடலாம், அதை யோசித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். விபத்தே வேலையில் நடக்கவில்லை, அல்லது சம்பளக் கணக்கு தவறு, அல்லது இவர் எங்கள் ஊழியரே இல்லை, இந்த மாதிரி ஆட்சேபணை என்றால் தொழிலாளர் ஆணையரிடம் போகும். முதலில் இரு தரப்பையும் உட்காரவைத்து என்ன ஒத்துக்கொள்கிறீர்கள், என்ன ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்கிற முன்விசாரணைக் கூட்டம். அங்கேயே பேசி முடிகிற கேஸ்கள் உண்டு. முடியாவிட்டால் உதவி ஆணையர் முன்னால் விசாரணை.

நம் ஆட்கள் "கோர்ட்டு" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சத்தியப் பிரமாணம் உண்டு, சாட்சி உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, மொழிபெயர்ப்பாளர் உண்டு, வக்கீல் வைத்துக்கொள்ளலாம், வைக்காமலும் போகலாம். உதவி ஆணையர் போடும் உத்தரவுப்படி பணம் கொடுக்காவிட்டால், அதை மாவட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பைப் போலவே அமலாக்க முடியும். அதற்கு மேல் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு உண்டு, ஆனால் கதவு குறுகியது: முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருக்க வேண்டும், தகராறு குறைந்தது 1,000 வெள்ளியைப் பற்றியதாக இருக்க வேண்டும். "அவர் என்னை நம்பவில்லை, நீங்களாவது நம்புங்கள்" என்று அங்கே போக முடியாது. எது நடந்தது, எது நடக்கவில்லை என்ற சண்டை உதவி ஆணையரின் மேசையிலேயே கிட்டத்தட்ட முடிந்துவிடும். அதனால்தான் முதல் நாள் காகிதம் அவ்வளவு கனமாகிவிடுகிறது.

இந்தச் சட்டம் ஒரு சமூக நலச் சட்டம், வேலையில் காயப்பட்டவருக்கு உதவும் நோக்கத்தை மனதில் வைத்துத்தான் இதைப் பொருள்கொள்ள வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. அது பெரிய துணை. ஆனாலும் எது நடந்தது என்பதை ஊழியர் ஓரளவாவது காட்டியாக வேண்டும், நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்கிற அளவுக்கு.

விகா வேண்டாம், நேராக முதலாளி மேல் சிவில் வழக்குப் போடுகிறேன் என்ற வழியும் இருக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம், இரண்டிலும் பணம் வாங்க முடியாது. அந்த வழியில்தான் "யார் தப்பு" என்ற கேள்வி உயிரோடு வருகிறது. முதலாளியின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டும், உங்கள் பக்கமும் தப்பு இருந்தால் அந்த அளவுக்குத் தொகை குறையும், தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் தலையில் விழலாம். பதிலாக, கூரை கிடையாது, வலிக்கும் வேதனைக்கும் வருங்காலத்தில் இழக்கப்போகும் வருமானத்துக்கும் கேட்கலாம். விபத்திலிருந்து மூன்று வருஷத்துக்குள் தொடுக்க வேண்டும். வேலையிட விபத்துக் காயங்களுக்கு 500,000 வெள்ளி வரை மாவட்ட நீதிமன்றமே விசாரிக்கும். பெரிய காயம், முதலாளியின் தப்புக்குத் தெளிவான ஆதாரம், இரண்டும் இருந்தால் ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது. விரல் நுனிக் காயத்துக்கு இந்த வழியில் போகச் சொன்னால் நான் வேண்டாம் என்பேன்.

கேஸ் நடக்கிற காலம் எப்படி ஓடும் என்பதையும் சொல்ல வேண்டும், சட்டம் எழுதுகிறவர்கள் இதை எழுதுவதில்லை. ஒர்க் பர்மிட் ரத்தானால் ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிகத் தங்கும் அனுமதியில் இருக்க வேண்டும். பொதுவாக வேலை செய்ய முடியாது. தங்குமிடம், சாப்பாடு எல்லாம் முதலாளி பார்க்க வேண்டும் என்பது விதி, ஆனால் கேஸ் போட்ட கோபத்தில் இருக்கும் முதலாளியின் விடுதியில் ஒரு மனிதன் மாதக்கணக்கில் எப்படிப் படுத்துத் தூங்குவான்? ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும். டிடபிள்யூசி2 என்ற தொண்டு அமைப்பு 2008லிருந்து கஃப் ரோடு திட்டம் என்ற பெயரில் இப்படி வேலையில்லாமல் நிற்கும் ஊழியர்களுக்கு லிட்டில் இந்தியாவில் இலவசச் சாப்பாடு போடுகிறது. சாப்பிடப் போகிற இடத்தில் கேஸைப் பற்றியும் கேட்டுக்கொள்ளலாம். ஹெல்த்சர்வ், ஹோம், வெளிநாட்டு ஊழியர் நிலையம் ஆகிய உதவி அமைப்புகளிடமும் போகலாம், மனிதவள அமைச்சிடம் நேரடியாகவும் போகலாம். எங்கே போனாலும் நடந்ததை மட்டும் சொல்லுங்கள். பொய்யான கேஸ் போடுவது தண்டனைக்குரிய குற்றம், அதோடு உண்மையாக அடிபட்ட அடுத்தவனையும் சந்தேகத்தோடு பார்க்கவைத்துவிடும்.

புதுக்கோட்டைத் தம்பியின் கேஸில் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுத்தது, முன்விசாரணைக் கூட்டம் இரண்டு தடவை நடந்தது. அவன் பக்கம் இருந்தவை இவை: அரசு மருத்துவமனையின் இரண்டாவது காகிதம், விபத்து நடந்த அன்று காலை 10 மணி சுமாருக்கு ஒரு கூட்டாளி வாட்ஸ்அப்பில் ஊருக்கு அனுப்பிய படம், அதில் ரத்தம் சொட்டும் கையுறையும் பின்னால் பலகையும் தெரிந்தன. அப்புறம் அன்று அவன் காலை ஏழரைக்கே சைட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் வருகைப் பதிவு. சைட்டில் இருந்தவன் அதே நேரத்தில் விடுதியில் எப்படி வழுக்கி விழுவான்? முதல் கிளினிக்கில் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டபோது, எழுந்து நின்று, "என் தப்புன்னு நெனச்சேன் சார், அதான்" என்றானாம். அந்த சூப்பர்வைசரை சாட்சிக்கு அழைப்பதாக இருந்த தேதிக்கு முன்பே காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை ஒத்துக்கொண்டது.

5 பாயிண்ட் போட்டார்கள். என்.ஓ.சி. வந்த அன்றே அவன் எனக்குப் படம் எடுத்து அனுப்பினான், ஓவர்டைம் சேர்ந்திருக்கிறதா என்று இருவரும் சம்பளச் சீட்டுகளை வைத்துப் போனில் ஒவ்வொரு மாதமாகக் கூட்டிப் பார்த்தோம். சேர்ந்திருந்தது. 14 நாளும் ஆட்சேபணை எதுவும் வராமல் கழிந்தது, பணம் வந்த வாரமே கடனில் பாதியை அடைத்துவிட்டு ஊருக்குப் போனான். விரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை. இப்போது அறந்தாங்கியில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போடுகிறான், பேனாவை இடது கையில் பிடித்துப் பழகிக்கொண்டதாகப் போன மாதம் பேசும்போது சொன்னான்.